மேகாதிபதியும் மேட்டூரும்

புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் பலரும் தங்கள் நட்சத்திரத்துக்குக் கந்தாய பலன் என்ன, ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று தேடுவார்கள். நான் தேடுவது நவநாயகர் பக்கம். அதிலும் ராஜா, மந்திரி எனக்கு வேண்டாம். மேகாதிபதி, ஸஸ்யாதிபதி, தான்யாதிபதி, இந்த மூவர் யார் என்று தெரிந்தால் போதும். மழைக்கு ஓர் அதிகாரி, பயிருக்கு ஓர் அதிகாரி, தானியத்துக்கு ஓர் அதிகாரி. நானும் ஒரு காலத்தில் பயிருக்கு அதிகாரிதான். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வேளாண் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளம் வாங்கிய நான் சொன்னதைவிடச் சம்பளம் வாங்காத ஸஸ்யாதிபதி சொன்னதற்கு ஊரில் மதிப்பு அதிகம். அதனால் அவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

விதை நேர்த்தியைப் பற்றிப் பேசப் போனால், கூட்டத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்குவார். "தம்பி, அதெல்லாம் சரி. இந்த வருஷம் மேகாதிபதி யாரு, தெரியுமா?" தெரியாது என்றால் அன்றைய கூட்டம் அதோடு சரி. எனவே சித்திரை பிறக்கும் முன்பே பஞ்சாங்கம் வாங்கிப் படித்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பணியில் அது எனக்குத் தந்த மரியாதையை எந்தப் பயிற்சி வகுப்பும் தரவில்லை.

இந்தப் பதவிகள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் கிழமைதான். யுகாதி எந்தக் கிழமையோ, அந்தக் கிழமைக்குரிய கிரகம் ராஜா. சூரியன் மேஷத்துக்குள் நுழையும் கிழமைக்குரியவர் மந்திரி. சூரியன் திருவாதிரையில் கால் வைக்கும் கிழமைக்குரியவர் மேகாதிபதி. ஆனி முதல் வாரத்தை ஒட்டி அது வரும். ஆடி பிறக்கும் கிழமை ஸஸ்யாதிபதியைத் தரும், மார்கழி பிறக்கும் கிழமை தான்யாதிபதியைத் தரும். குரோதி வருஷத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 9 யுகாதி, செவ்வாய்க்கிழமை. ஆகவே ராஜா செவ்வாய். சூரியன் மேஷத்தில் நுழைந்தது ஏப்ரல் 13 சனிக்கிழமை இரவு. ஆகவே மந்திரி சனி. நாம் வருஷப் பிறப்புக் கொண்டாடியது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்காகச் சூரியனுக்கு மந்திரி பதவி கிடைத்துவிடவில்லை. நுழைந்த நேரம்தான் கணக்கு. ஒன்பது பதவிக்கு ஆட்கள் ஏழு பேர்தான் என்பதால் ஒருவரே இரண்டு மூன்று இலாகாவை வைத்துக்கொள்வதும் உண்டு.

அதற்கு முந்தைய சோபகிருது வருஷம் இந்த முறைக்கு நல்ல சோதனை. 2023 ஜூன் 22, வியாழக்கிழமை சூரியன் திருவாதிரைக்கு வந்தது. மேகாதிபதி குரு. குரு மேகத்துக்கு அதிபதியானால் நல்ல மழை என்பது விதி. அந்த ஆகஸ்டு, 1901 முதல் நாடு கண்ட ஆகஸ்டுகளிலேயே மழை மிகக் குறைந்ததாகப் போயிற்று. மேட்டூர் மட்டம் இறங்கி, டெல்டாவின் கடைமடையில் குறுவை கருகியது. அதே வருஷம் மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ அவ்வளவுதான். கருகியதும் குருவின் ஆட்சியில், மூழ்கியதும் குருவின் ஆட்சியில். வியாழக்கிழமை என்ன செய்யும், பாவம்.

இந்த இடத்தில் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. படித்தவர்களில் அதிகம். அவர்களிடம் நான் சொல்வது, நாலு பக்கம் தள்ளிப் புரட்டுங்கள் என்பதுதான். அங்கே ஒவ்வொரு நாளுக்கும் திதி எத்தனை நாழிகை எத்தனை விநாழிகை வரை, நட்சத்திரம் எதுவரை என்று வரிவரியாக எண்கள் நிற்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. ஓராண்டுக்கு முன்பே, வானத்தில் சந்திரன் எங்கே நிற்கும் என்று இந்த நுணுக்கத்தில் எழுதி வைப்பது கிழமை எண்ணுகிற வேலை அல்ல. ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகம் தைத்திருக்கிறார்கள். ஒன்று வானத்தைக் கணக்கிட்டது. இன்னொன்று மழையை விதித்தது. இரண்டுக்கும் எழுத்து ஒரே மாதிரி, காகிதம் ஒரே மாதிரி. அதனால்தான் இத்தனை குழப்பம்.

முதல் புத்தகம் எப்படித் தயாராகிறது என்று பார்க்கக் கும்பகோணம் பக்கம் ஒரு கணிதரிடம் போய் உட்கார்ந்திருக்கிறேன். பரம்பரையாகப் பஞ்சாங்க கணிதம் செய்யும் வீடு. இப்போது மகன் கணினியில் போடுகிறார். அப்பா இன்னமும் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் தலையாட்டுகிறார். எனக்குப் புரியும்படி அவர் எளிமையாகத்தான் ஆரம்பித்தார். "சூரியன் ஒரு நாளைக்கு ஒரு பாகை. சந்திரன் பதிமூணு சொச்சம். ரெண்டுக்கும் நடுவிலே இடைவெளி பன்னிரண்டு பாகை கூடினா ஒரு திதி. அவ்வளவுதான் சார் பஞ்சாங்கம்."

அவ்வளவுதான், ஆனால் சந்திரன் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது ஓடும், விலகும்போது தயங்கும். அதனால் ஒரு திதி சில நாள் 20 மணி நேரத்தில் முடியும், சில நாள் 26 மணி நேரத்தைத் தாண்டும். இந்த ஓட்டத்தையும் தயக்கத்தையும் பிடிக்க நம்மவர்கள் கண்ட வழிதான் வாக்கியம். சந்திரன் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அப்படி 9 சுற்று முடிய 248 நாள், கிட்டத்தட்டப் பின்னம் இல்லாமல். ஆக 248 நாளுக்கும் சந்திரன் நாள்தோறும் எவ்வளவு நகர்ந்தது என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பிறகு அதே பட்டியலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பட்டியலை எண்களாக வைத்தால் மறந்துபோகும் என்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பொருளுள்ள சிறு சிறு சமஸ்கிருதச் சொற்றொடர்களாக மாற்றினார்கள். மொத்தம் 248 சொற்றொடர்கள். வரருசி செய்தவை என்பது மரபு. முதல் வாக்கியத்தைப் பிரித்தால் 12 பாகை 3 கலை என்று வரும். முதல் நாள் சந்திரன் நகர்ந்த தூரம் அது.

கணிதர் செய்து காட்டினார். கலியுகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்பது முதல் எண். இப்போது அது 18 லட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து ஒரு பெரிய தொகையைக் கழிக்கிறார். மிச்சத்தை 12372-ஆல் வகுக்கிறார், அதில் மிஞ்சியதை 3031-ஆல், அதிலும் மிஞ்சியதை 248-ஆல். இந்த மூன்றுமே சந்திரன் முழுச் சுற்றுகளை முடிக்கும் நாள் எண்ணிக்கைகள். கடைசியில் நிற்கும் மீதி, இன்றைக்கு எத்தனையாவது வாக்கியம் என்று சொல்கிறது. அந்த வாக்கியத்தை வாயால் சொல்லி, விரலால் எண்ணாக்கி, ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய திருத்தத்தைக் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம். சூத்திரம் இல்லை, கோணமானி இல்லை. கூட்டல், வகுத்தல், ஞாபகம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் சுமார் 1300-ஐ ஒட்டி இயற்றப்பட்ட வாக்கியகரணம் என்ற நூல் இந்த முறையைத் தொகுத்தது. தென்னாட்டு வாக்கியப் பஞ்சாங்கங்கள் எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

இதை முதன்முதலில் வாய் பிளந்து பார்த்தவன் நான் இல்லை. 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தில், அந்த நாள் பார்த்து மேகம் மூடியதில் வந்த காரியம் கெட்டுப்போய், தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது என்றும், அன்றைய ஐரோப்பாவின் மேலான அட்டவணையான மேயருடையது 68 விநாடி கூடியது என்றும் எழுதி வைத்தார். அடுத்து 1825-இல் ஜான் வாரன். கால சங்கலித என்ற பெரிய நூலைச் சென்னையில் அச்சிட்டவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஓர் எழுத்தும் எழுதாமல், வாக்கியங்களை முணுமுணுத்தபடியே அந்த வருஷ மே மாதக் கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைப் போட்டுக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம் தவறியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஞாபக சக்தி மட்டும் அபாரம் என்று வாரன் குறிக்கிறார். வாரன் அதை ஒரு குறையாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது பெரிய சமாசாரமாகப் படுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு கணக்கு கெடாமல் கைமாறி வர வேண்டுமென்றால், அது புரியாதவர் கையிலும் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் 52 நிமிடம் 52 நிமிடம்தான். சந்திரனைப் பூமி மட்டும் இழுப்பதில்லை, சூரியனும் இழுக்கிறது. அந்த இழுப்பு வாக்கியப் பட்டியலில் இல்லை. பட்டியல் கிரகணங்களைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது என்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நன்றாகவே நிற்கும். வளர்பிறை, தேய்பிறை அஷ்டமிப் பக்கம் போனால் சில மணி நேரம் வித்தியாசம் வரும். இதை வெளிப்படையாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். கண்ணால் காணும் வானத்தோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். வைதிகர்களோடு நிறைய வாதாடினார். அந்த வானாய்வகம் இருந்த இடத்தில்தான் இன்று கல்லூரிச் சாலையில் சென்னை வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பழைய கருவி நின்ற கருங்கல் தூண், தமிழ் எழுத்தோடு அந்த வளாகத்திலேயே இருக்கிறது. புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று நாம் தொலைக்காட்சியில் கேட்பதும், திருக்கணிதச் சண்டை ஆரம்பித்ததும் ஒரே மதிலுக்குள்.

சண்டை தீரவில்லை. சுதந்திரம் வந்தபின் மேகநாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1952-இல் அமைந்தது, 1955-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி வந்தது. அரசே ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் என்று ஒன்றைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது. எத்தனை வீட்டில் அது தொங்குகிறது? சனிப் பெயர்ச்சிக்கு இன்றும் இரண்டு தேதி. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 20, திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது அன்றைக்குத்தான். பதினோரு மாத வித்தியாசம். ஏழரைச் சனி முடிந்துவிட்டது என்று நிம்மதி அடைய எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். விவசாயிக்கு இதில் ஒன்றும் நஷ்டமில்லை. அவனுக்கு வேண்டியது அமாவாசையும் மாதப் பிறப்பும். அவை இரண்டு கணக்கிலும் ஒட்டியே வரும்.

கணிதம் முடிந்தால் பாதி வேலைதான். எண்கள் அச்சுக்குப் போக வேண்டும். ஈய எழுத்துக் கோத்த நாளில் புரூஃப் பார்ப்பது எப்படி என்று கணிதர் விவரித்தார். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர்வார். கதைப் புத்தகத்தில் பிழை வந்தால் வாசகர் தானே திருத்திப் படித்துக்கொள்வார். இங்கே 12 என்பது 21 ஆனால் ஒரு வீட்டில் தெவசம் தவறிப்போகும். பஞ்சாங்கத்துக்குத் திருத்தப் பட்டியல் போட முடியாது. போட்டாலும் யார் பார்ப்பார்கள்?

இப்போது இரண்டாவது புத்தகத்துக்கு வருகிறேன், அதாவது மழைக்கு. நவநாயகரை அடுத்து, இந்த வருஷ மேகத்தின் பெயர் என்ன, மழை எத்தனை மரக்கால், அதில் கடலில் எவ்வளவு, மலையில் எவ்வளவு, நிலத்தில் எவ்வளவு என்று போட்டிருக்கும். மேகத்தின் பெயர் வருஷ எண்ணை வகுத்து வரும் மீதியிலிருந்து வருவது. மரக்காலைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். மழையை முகத்தல் அளவையில் சொல்வது பழைய வழக்கம். ஒரு முழ அகலம் வாயுள்ள பாத்திரத்தைக் களஞ்சியத்தின் முன் வைத்து மழையை அளக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். இன்ன நாட்டுக்கு இத்தனை துரோணம் என்று கணக்கும் தருகிறது. அது அளந்த மழை. நம் பஞ்சாங்கத்து மரக்கால் அளக்காத மழை. ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மூணு மரக்கால்னு போட்டிருக்கான். எந்த ஊரு மரக்கா தம்பி? பண்ணை மரக்காலா, கோயில் மரக்காலா?" கூலி அளக்கிற மரக்கால் ஒன்று, குத்தகை வாங்குகிற மரக்கால் ஒன்று என்று பார்த்து வளர்ந்தவர் அவர்.

இடைக்காடர் பாடியதாகச் சொல்லப்படும் வருஷ வெண்பாக்கள் இன்னொன்று. 60 வருஷத்துக்கு 60 பாட்டு. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது அந்த வருஷத்துப் பாட்டைப் படிப்பார்கள். 1964 குரோதிக்குப் படித்த அதே பாட்டைத்தான் 2024 குரோதிக்கும் படித்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பார்த்தீர்களா, குரோதி என்றால் புயல் என்று ஒரு நண்பர் சொன்னார். வங்கக் கடலில் கார்த்திகை, மார்கழியில் புயல் அதிசயமா? மழை ஏமாற்றப் போகும் வருஷத்தை முன்கூட்டிச் சொல்லும் பாட்டு இருந்தால் அதை நான் மனப்பாடம் செய்வேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, டெல்டாவில் சம்பா நெல் பூட்டை வராமலே காய்ந்து நின்ற வருஷம் மாதிரி ஒன்றை.

இந்த இரண்டாவது புத்தகத்தில் நான் கொஞ்சம் மெல்ல நடக்கும் இடம் கர்ப்போட்டம். ஏனென்றால் அதில் கிழமை இல்லை, வகுத்தல் இல்லை. வானத்தை அண்ணாந்து பார்ப்பது இருக்கிறது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறத்தாழ 14 நாள், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 11 வாக்கில் முடியும் காலம், மேகம் கருக்கொள்ளும் காலம் என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் மேகம் எப்படி ஓடுகிறது, காற்று எந்தத் திசை, தூறல் உண்டா, மூடாப்பு எத்தனை நாள் என்று பார்ப்பார்கள். லேசான மூடாப்பும் குளிர்ந்த காற்றும் நல்லது. கனமழை பெய்தால் கரு கலைந்துவிட்டது. இதன் பழைய எழுத்து வடிவம் ஒன்று ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இருக்கிறது. கரு உண்டாகி 195 நாளில் மழை பிறக்கும் என்பது அவர் கணக்கு.

நான் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நாளை எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் 29-இலிருந்து 195 நாள் தள்ளினால் ஜூலை 11 வாக்கில் வருகிறது. வராகமிகிரர் உஜ்ஜயினிக்காரர். அங்கே ஜூலை, ஆகஸ்டுதான் மழைக்காலம். அவருக்கு விதி பொருந்துகிறது. நமக்கு? டெல்டாவில் ஜூலை என்பது அனல் காற்றும் புழுதியும். நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மாநிலத்துக்குச் சராசரி 44 சென்டிமீட்டர் அந்த மூன்று மாதத்தில்தான் வருகிறது. உஜ்ஜயினி விதியைத் தூக்கிக்கொண்டு வந்து மன்னார்குடியில் நட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அந்த மரக்கால் பெரியவரிடமே போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "ஆடியிலே இங்க மழை வேணும்னு யாரு தம்பி கேட்டது? அது குடகிலே பெய்யட்டும்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் விஷயம். ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் கொட்டுவது கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பி, மேட்டூருக்கு வழிந்து, ஆடிப் பெருக்குக்கு எங்கள் வாய்க்காலில் வந்து நிற்கும். டெல்டாவுக்கு இரண்டு மழை. ஒன்று மேலிருந்து விழுவது, இன்னொன்று ஆற்றில் வருவது. பெரியவர் கர்ப்போட்டம் பார்த்தது இரண்டாவதற்கு. அவர் பார்த்த மேகத்துக்கும் குடகு மழைக்கும் காரண காரியத் தொடர்பு ஏதாவது உண்டு என்று நான் நம்பவில்லை. ஆனால் எந்த மழை எதற்கு வேண்டும் என்று தெரிந்து கேட்பதில் அவர் எனக்கு மேலே இருந்தார்.

இன்னொரு சங்கதி, இதைக் கணிதரும் மறுக்கவில்லை. நம் மாதங்கள் நட்சத்திரங்களைக் கட்டிக்கொண்டு ஓடுபவை. பருவங்களோ சூரியன் வடக்கே போய்த் தெற்கே வருவதைக் கட்டிக்கொண்டவை. இரண்டு வருஷத்துக்கும் நீளம் ஒரு துளி வேறு. வாக்கிய வருஷம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. பருவ வருஷம் அதைவிட 24 நிமிடம் போலக் குறைவு. கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். நட்சத்திர மாதம் பருவத்தை விட்டு ஏறத்தாழ 60 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுகிறது. வராகமிகிரர் காலத்திலிருந்து எண்ணினால் மூன்று வாரத்துக்கு மேல். பகல் நீளத் தொடங்குவது டிசம்பர் 22-இலேயே. உத்தராயணம் என்று நாம் பொங்கல் வைப்பது ஜனவரி 14 அல்லது 15. திருவிழாவுக்கு இதனால் குறையில்லை. ஆனால் சூரியன் பூராடத்தில் இருக்கும்போது மேகத்தைப் பார் என்ற விதி, தன் நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பார்க்க வேண்டிய பருவத்தை விட்டு மூன்று வாரம் தள்ளி வந்துவிட்டது. சாகா குழு இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது. மழையோடு சேர்த்து மாதத்தைத் திருத்தினால் பண்டிகை நகரும், பண்டிகை நகர்ந்தால் யாரும் ஒப்ப மாட்டார்கள். அதனால் மாதம் நகர்கிறது.

இத்தனையும் சொன்னபிறகு, பஞ்சாங்கம் விவசாயத்துக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டால், செய்தது என்றுதான் சொல்வேன். ஆரூடத்தால் அல்ல, தேதியால். சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரே சேர்ந்து பொன்னேர் பூட்டும். காரணம் சாஸ்திரம். பலன் கோடை உழவு: கூண்டுப்புழு வெயிலில் காயும், கோரைக்கிழங்கு மேலே வந்து சாகும். கோடை உழவு செய்யுங்கள் என்று துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்து நாங்கள் கெஞ்சியதைப் பஞ்சாங்கம் ஒரு வரியில் செய்துவிட்டது. விதை விட நாள் என்று ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று தேதி இருக்கும். ஊர் முழுக்க அந்த வாரத்தில் நாற்று விட்டால் பயிர் ஒரே வயதில் நிற்கும். புகையானும் குருத்துப்பூச்சியும் இளம்பயிரிலிருந்து இளம்பயிருக்குத் தாவிக்கொண்டே போக வழியில்லை. அமாவாசையில் மாடு பூட்டக் கூடாது என்பதால் மாட்டுக்கு மாதம் ஒரு நாள் விடுமுறை நிச்சயம். டிராக்டர் வந்தபின் அந்த விதியை யாரும் டிராக்டருக்குச் சொல்லவில்லை.

மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. ரோகிணி, பூசம், உத்திரம் போன்றவை மேல்நோக்கு. பரணி, மகம், மூலம் போன்றவை கீழ்நோக்கு. மேலே வளர்வதை மேல்நோக்கு நாளில் விதை, மஞ்சளும் கிழங்கும் கீழ்நோக்கு நாளில் நடு, கிணறு கீழ்நோக்கில் வெட்டு. சந்திரன் மகத்தில் நிற்பதால் மஞ்சள் நீளமாகக் கீழிறங்கியதை நான் பார்த்ததில்லை. ஈரம் சரியாக இருந்தால் எந்த நாளும் நல்ல நாள். ஈரத்தை விட்டுவிட்டு நாளுக்குக் காத்திருந்து முளைப்புக் கெட்ட வயலை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் உண்மையான விவசாயப் பஞ்சாங்கம் இரண்டு தேதியில் அடங்கும். ஒன்று ஜூன் 12, மேட்டூர் திறக்கும் நாள். அணை வந்தது 1934-இல். அதற்குப் பிறகு டெல்டாவின் வைகாசிக் கடைசியை எந்த நட்சத்திரமும் தீர்மானிக்கவில்லை. பொதுப்பணித் துறையின் மதகுதான் தீர்மானித்தது. இன்னொன்று, நீண்ட காலச் சம்பா ரகத்தை விதைக்கக் கடைசி நாள். சி.ஆர். 1009 போன்ற 150 நாளைத் தாண்டும் ரகத்தை ஆகஸ்டில் விதைத்து, ஐப்பசி மழை வருமுன் தூர் கட்ட வைத்துவிட வேண்டும். பிந்தினால் ரகத்தை மாற்ற வேண்டும். அது கிரகம் பார்க்காத கணக்கு. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி ஏற்கெனவே சொன்னதுதான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அடுத்த 5 நாளுக்கு மழை, காற்று, ஈரப்பதம், மருந்து அடிக்கலாமா கூடாதா எல்லாம் அதில் இருக்கும். மேகதூத் என்று கைபேசிச் செயலியும் உண்டு. பெரியவரின் பேரனுக்கு அதை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து, எப்படி இருக்கிறது என்று தாத்தாவிடமே கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. மேகாதிபதின்னா வருஷம் பூரா ஒரே பேச்சு. இவன் செவ்வாய்க்கு ஒண்ணு, வெள்ளிக்கு ஒண்ணு சொல்றான்."

அது குறையா என்று கேட்டேன்.

"குறைன்னு யாரு சொன்னா? மாத்திச் சொல்றவன்கிட்டதான் மறுபடி கேக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை அறிக்கையில் யூரியா போடலாம் என்று வந்திருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொன்னார்.